ஏழு மணி மருந்து

மெயின் சுவிட்ச் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

கதவின் உள்பக்கம் ஒரு தாள். நீல மை. ஓரமெல்லாம் தூசி ஏறியிருந்தது.

அதில் படிக்க இன்னும் இரண்டு வரிதான் பாக்கி.

மில் ஆபீசில் ஆறு மணிக்கெல்லாம் கம்ப்யூட்டரை ஓடவிட்டபடியே எழுந்து போய்விடுவார்கள். பிறகு அரை மணியில் கூட்டித் துடைத்து, மெயினை அணைத்து, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போவதும், காலையில் வந்து திறந்து மெயினைப் போடுவதும் அவள்.

அணைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

பஞ்சு குடோனில் யாரோ அணைக்காமல் விட்ட சுவிட்சில் பிடித்த தீயில்தான் அவள் வீட்டுக்காரர் போனார். மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டு மூட்டைமேல் கண்ணயர்ந்த மனுஷன். அந்தச் சாவுக்குப் பதிலாக மில் அவளுக்கு இந்த விளக்குமாற்றைக் கொடுத்தது.

அதனால் அணைப்பாள்.

பதினோரு கம்ப்யூட்டருக்கும் ஒரே அடியில் கரண்டு நின்றுபோகும். மேஜைக்கடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டிகள் மட்டும் குஞ்சுகள் மாதிரி கொஞ்ச நேரம் கத்தும். கடைசிக் குஞ்சும் அடங்கின பிறகே படியிறங்குவாள்.

மைதீன் திங்கட்கிழமை மட்டும் வருவான். நாலு மில்லுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன். வரும்போதெல்லாம் கிளார்க்கிடம் புலம்புவான்.

"பகல்ல ஏத்துனா மிஷின் மெதுவாப் போகுதுன்னு வையிறீங்க. அதான் வைரஸ் மருந்த ஏழு மணிக்கு ஏறுற மாதிரி வச்சிருக்கேன். தெனமும் புதுசு வருது சார். ஒரு மிஷின்லயும் ஏற மாட்டேங்குதே. யாரு கண்ணோ."

அவள் பக்கத்திலேயே துடைத்துக்கொண்டிருப்பாள். அந்த மருந்து கம்பி வழியாக வரும் என்றோ, அதற்குக் கரண்டு வேண்டும் என்றோ அவளுக்கு எப்படித் தெரியும்.

ஒரு வாரம் கேட்டில் வாட்ச்மேனிடம் ராத்திரி விளக்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். அடுத்த திங்கட்கிழமை, அதே கேட்டில் அவளைப் பார்த்துப் பைக்கை நிறுத்தினான்.

"மெயின் பெட்டிக் கதவுல ஒண்ணு எழுதி ஒட்டியிருக்கேன்க்கா. படிச்சிருங்க."

முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நேரில் பேசக் கூசுகிற விஷயம்போல.

"சரி தம்பி."

வேறென்ன சொல்வாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவள். எழுத்துத் தெரிந்தவள் என்றுதான் மில்லே நினைத்திருந்தது.

அன்றைக்கும் அணைத்தாள். செவ்வாயும். புதனும்.

வியாழக்கிழமை காலை பதினோரு திரையிலும் ஒரே பூட்டுப் படம். கீழே ஏதோ இங்கிலீஷ். ஒன்பது வருஷத்துக் கணக்கு வழக்கு, ஆள் விவரம், எதையும் திறக்க முடியவில்லை. வைரஸ் பூட்டிப்போட்டதாம்.

மைதீன் ஓடிவந்தான். மேனேஜர் அறைக்குள் போகும் முன் வராந்தாவில் அவளைப் பார்த்து நின்றான்.

"படிச்சீங்களாக்கா?"

இரண்டு கிளார்க்குகள் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"படிச்சேன் தம்பி."

அவன் அவளையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனான்.

கதவைச் சாத்தவில்லை. அவன் குரல் மட்டும் கேட்டது.

"என் தப்புதான் சார். நான் கவனிக்கல."

அதற்குப் பிறகு நாலு மில்லும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் உறை விற்கிறான் என்று டிரைவர் யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

புதிதாக வந்தவன் மருந்து நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டான். முடிந்தது. இனி அவள் அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன.

தாள் மட்டும் அங்கேயே இருந்தது. அவளைத் தவிர அந்தக் கதவைத் திறக்க ஆளில்லை.

வேறு ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாது. பஞ்சாயத்து நூலகத்தில் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தாள். ஐம்பத்து நாலு வயதில்.

முதல் மாதம் தாளில் 'அக்கா' கிடைத்தது.

மூன்றாம் மாதம் 'ஏழு மணி'.

ஐந்தாம் மாதம் 'மெயினை அணைக்காதீங்க'. அன்றைக்குத்தான் தெரிந்தது, மருந்தை நிறுத்தியது தன் கை என்று.

இன்று எட்டாம் மாதம். விரலை வைத்துக் கடைசி இரண்டு வரியையும் கூட்டினாள்.

'உங்க வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேன். நேத்து லீவுல நானே நின்னு வயர் பூராவும் புதுசா மாத்திட்டேன், தீப்பிடிக்காது, பயப்படாமப் போங்கக்கா.'

இன்னொரு தடவை படித்தாள். தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடியும்.

தப்பில்லை.

அவள் படித்துவிட்டும் பயத்தில் அணைத்தாள் என்றே அவன் நினைத்துப் போயிருக்கிறான். நினைத்தும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தாளை நகத்தால் மெல்ல உரித்தாள். மேனேஜர் மேஜையில் வைத்து, அவர் பேனாவையே எடுத்தாள். தாளின் அடியில் இடமிருந்தது.

'படிச்சேன்னு சொன்னது பொய். எனக்கு அப்போ படிக்கத் தெரியாது. அணைச்சது நான். மைதீன் இல்லை.'

வெகுநேரம் பிடித்தது. கீழே பவுனுத்தாய் என்று போட்டாள். அது மட்டும் சட்டென்று வந்தது.

மேஜைக் கண்ணாடிக்கடியில் தாளைச் செருகிவிட்டுப் பெட்டிக்கு வந்தாள். கை தன்னால் சுவிட்சுக்குப் போனது. அணைக்காமல் கையை எடுத்தாள்.

கதவைச் சாத்தினாள்.

குஞ்சுகள் கத்தவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்ன தாயி, ஆபீஸ்ல வெளிச்சம் தெரியுது. மறந்துட்டியா?"

"தீப்பிடிக்காதுண்ணே. மைதீன் தம்பி எழுதி வச்சிட்டுப் போயிருக்கு."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகிற சாவியை, நாளைக்கு வேறு ஆள் திறக்கட்டும் என்று அவர் மேஜைமேல் வைத்தாள்.