குதிரையின் உட்பக்கம்

பழைய மரச்சாமான்களுக்கு விலை சொல்வது என் தொழில். மகள் வீட்டுக்கே குடிபோகப்போவதால் தன்னிடமிருந்த குடைராட்டினக் குதிரையை விற்க வேண்டும் என்று பூரணம் அம்மாள் கூப்பிட்டிருந்தார். வாசலிலிருந்து பார்க்க அது வெறும் பலகை போலத்தான் இருந்தது. ஆனால் அசல். முதுகில் கம்பி நுழையும் துளை. சுரண்டிய இடத்தில் ஏழெட்டுப் பூச்சு பெயிண்ட். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மறுபக்கம் பிடரியில் மல்லிகைச் சரம், சேணத்தில் கிளிகள், கண்ணுக்கு இமைமயிர்கூடச் செதுக்கியிருந்தது.

ராட்டினக் குதிரைக்குக் கூட்டம் பார்க்கிற வெளிப்பக்கத்தில்தான் அலங்காரம் செய்வார்கள். இதிலோ பிள்ளைகள் ஏறி இறங்கித் தேய்ந்த தடமெல்லாம் மொட்டைப் பக்கத்தில் இருந்தது; அப்படியானால் அதுதான் வெளிப்பக்கம்.

“பக்கம் மாத்திச் செதுக்கிட்டாங்கம்மா. பாதி விலைதான் போகும்” என்று சொல்லி, நோட்டில் ‘குறை’ என்று எழுதினேன்.

“மாத்தியெல்லாம் செதுக்கல தம்பி. எங்க வீட்டுக்காரர் தெரிஞ்சுதான் செஞ்சார்.”

“உள்பக்கத்தை யாரும்மா பார்க்கப் போறாங்க?”

அவர் முந்தானையால் குதிரையின் கண்ணைத் துடைத்தார்.

“அப்போ மோட்டார் ஏது? அவர் வெளியே நின்னு டிக்கெட் கிழிப்பார். நடுவுல நின்னு முப்பது வருஷம் தள்ளினது நான்.”

எழுதியதை அடித்துவிட்டேன். பிறகு குதிரையைத் தூக்கி, முன்பு நின்றபடியே, மல்லிகைச் சரம் சமையலறையைப் பார்க்கும்படி வைத்தேன்.