முப்பத்திரண்டு பேருக்கான சோறு

பட்டாளத்தில் இருபது வருஷம் சோறாக்கிய அண்டா ஒன்று காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து ஒரு டிவி ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தது. ராணுவச் சமையலைக் கிண்டலடிக்கும் காமெடித் தொடர் ஒன்றை அங்கே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவுக்குத் துணை, வெள்ளிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் கரண்டி.

அன்றைய காட்சியில் சமையல்காரர் சாப்பாட்டு மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோகிறார். ஒரு சிப்பாய்கூடத் தட்டோடு வரவில்லை. அண்டா நிறையச் சோறு அப்படியே கிடக்கிறது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததும், பதிவு செய்து வைத்திருந்த சிரிப்புச் சத்தத்தைப் போட்டார்கள். அண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கரண்டிக்கோ சிரித்துச் சிரித்துப் பெயின்ட்டே உதிர்ந்தது. "என்னண்ணே, உம்முனு இருக்கீங்க? நிஜப் பட்டாளத்துல இப்படி நடந்ததே இல்லையா?"

"ஒரே ஒரு தடவை நடந்துச்சு," என்றது அண்டா. "மலை முகாம். காலையில முப்பத்திரண்டு பேரு துப்பாக்கியோட மேலே ஏறினாங்க. 'சாயங்காலம் வந்து ஒரு பிடி பிடிக்கிறோம்'னு என்னைத் தட்டிட்டுப் போனாங்க. எங்க சமையல்காரர் கறிபிரியாணி தம் போட்டுட்டு, பொழுது சாயற வரைக்கும் மணி அடிச்சாரு. ஒருத்தரும் வரலை. மறுநாளும் என்னைக் கழுவ விடாம மூடியே வெச்சிருந்தாரு."

"சமையல் அவ்வளவு மோசமா?"

"இல்லப்பா. அந்த மனுஷன் அவ்வளவு ருசியா என்னைக்குமே சமைச்சதில்ல."

"அப்புறம் ஏன் வரலை?"

அண்டா பதில் சொல்ல வாயெடுத்தது. அதற்குள், சிரிப்பு பத்தவில்லை என்று டைரக்டர் கத்த, இன்னும் சத்தமாகப் போட்டார்கள்.