தகப்பன் பெயர்

சபையார் ஐயர் என்று அழைக்கும் போதகர் ஞானசிகாமணி அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். வேதாகமத்தில் வரும் மெல்கிசேதேக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். சாலேமின் ராஜா, தேவனுடைய ஆசாரியன். தகப்பன் யார், தாய் யார் என்று எங்கும் எழுதியில்லை. ஆனாலும் ஆபிரகாமே அவனிடம் ஆசீர்வாதம் வாங்கினான், இயேசுவின் ஆசாரியத்துவமும் அவன் முறைமையில்தான் வந்தது என்று சொல்லும்போது புத்தகத்தை மூடிவிட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, அநாதை விடுதியில் வளர்ந்த ஏசுவடியான் போதகர் படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு அவரிடம் வந்திருந்தான். "தகப்பன் பேரே தெரியாதவனுக்கு எப்படிடே அங்கி மாட்டுறது?" என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

பிரசங்கத்தை நிறுத்திய மறுநாள் அந்தக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு, அவன் வேலை செய்யும் உப்பளத்துக்கே போனார். ஏசுவடியான் வெயிலில் நின்றபடி அதைப் படித்தான். படித்துவிட்டு, மடித்து அவரிடமே நீட்டினான்.

"வயசு தாண்டிட்டு ஐயரே. இனி யாரு என்னயச் சேப்பா?"

"தப்பு எம்மேலதாம்டே. எனக்காவ ஒரு ஜெபம் பண்ணு."

"நானா? ஐயருக்கா?"

போதகர் உப்பு படிந்த வரப்பில் முழங்காலிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். சுற்றிலும் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஏசுவடியானின் கை அவர் தலைமேல் வந்து அமர வெகுநேரம் ஆயிற்று.