டிரைவர் பக்கக் கண்ணாடி

"ஐவி, காருக்குள்ள உக்காந்து கண்ணாடிய ஏத்து. வெளிய பேசறது கேக்குதான்னு பாப்போம்."

மைசூர் விஜயநகர் வீட்டு வாசலில், ரிட்டையரான நாளிலிருந்து பழைய ஃபியட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார் சகாயநாதன். டிரைவர் பக்கக் கண்ணாடி இப்போதுதான் கிடைத்தது. புது ரப்பர் பீடிங் வைத்து அவரே மாட்டியிருந்தார்.

அவர் மனைவி ஐவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி மேலே ஏறிக் கச்சிதமாக மூடிக்கொண்டது.

சும்மா எதையாவது சொன்னால் சோதனை ஆகாது. கேட்டால் அவள் கொதித்தெழ வேண்டும். அப்படி ஒரு விஷயம் ஒரு வாரமாக அவர் தொண்டையிலேயே நின்றது.

"வீட்ட வித்துட்டு பெங்களூருக்கே வந்துடறோம்னு நம்ம பையன் ரயான்கிட்ட சொல்லிட்டேன்!"

ஐவி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 'கேட்டுதா?' என்று காதைத் தொட்டுக் காட்டினார். இல்லை என்று தலையாட்டினாள்.

"அடேயப்பா, என்னா ஃபிட்டிங்!" தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

மத்தியானம் சாப்பிட உள்ளே போனார். கட்டில்மேல் பெட்டி திறந்திருந்தது. அவருடைய சட்டைகளை மட்டும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள் ஐவி.

"எங்க போறோம்?"

"நான் எங்கயும் போகலைங்க. நீங்கதான் பெங்களூருக்குப் போறீங்க."

சகாயநாதன் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். "கண்ணாடி நல்லாத்தானே மூடியிருந்துச்சு?"

"ரொம்ப நல்லா மூடியிருந்துச்சு." பெட்டியைப் பூட்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள். "இடது பக்கத்துக்குத்தான் நீங்க இன்னும் கண்ணாடியே வாங்கலையே!"