மிச்சமில்லாத வகுப்பு

அவனைச் சுவரோடு அமுக்கிப் பிடித்திருந்தார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு கை. ஒருவன் தலைமுடி. கரண்டி ஒருத்தியிடம்.

மூக்கைப் பொத்தினால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவித்த பயறும் முட்டைக்கோஸும் குவியல் குவியலாக உள்ளே போயின. கரண்டி பல்லில் மோதி டக்கென்றது. மோவாயில் ரத்தம் வழிந்தது. அவள் அடுத்த கரண்டியை அள்ளினாள்.

கேன்டீனுக்குப் பின்னால், தட்டுக் கழுவும் அறையின் வாசலில், ஆய்வுக்காரி தராசும் கையுமாக விறைத்து நின்றாள்.

பிள்ளைகள் பூமிக்குக் கேடில்லாமல் சாப்பிடுகிறார்களா என்று அளக்க வந்தவள் அவள். இறைச்சியை நிறுத்திவிட்டுப் பயறும் காயும் போடச் சொன்னதே அவள்தான். வகுப்புக்கு ஒரு வாளி. தட்டில் மிஞ்சுவதை அதில் கொட்ட வேண்டும், அவள் எடை போடுவாள். இவர்களுடைய ஒன்பதாம் வகுப்பு வாளியில் மட்டும் வாரம் முழுக்க ஒரு பருக்கை இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே போனால் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். மேலதிகாரிக்கு போன் போட்டு, தங்கமான பிள்ளைகள் என்று பீற்றிக்கொண்டாள்.

தங்கமாம் தங்கம்! பாவிகள்!

தராசை வீசிவிட்டுப் பாய்ந்தாள். ஒருவனைச் சட்டையோடு பிடித்து இழுத்தெறிந்தாள். இன்னொருவனின் முழங்கை அவள் கன்னத்தில் இடித்தது. வலி மண்டைக்கு ஏறுவதற்குள் ஆத்திரம் ஏறிவிட்டது. கரண்டிக்காரியின் கன்னத்தில் விட்டாள் ஓங்கி ஓர் அறை. அந்தப் பெண் தட்டு அடுக்கின் மேல் போய் விழ, தட்டுகள் சிதறி உருண்டன.

பையன் மண்டியிட்டுக் குமட்டினான். அவனை வாரி அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லடா கண்ணா. இனி எவனும் உன்னைத் தொட மாட்டான்."

தான் வராமல் இருந்திருந்தால் இவன் கதி என்னவாகியிருக்கும்!

அவன் அவளை நெட்டித் தள்ளினான்.

"அவளை ஏன் மிஸ் அடிச்சீங்க? நேத்து அவ முறை, நான்தான் ஊட்டினேன். வாளியில ஒண்ணும் விழாம, தினம் ஒருத்தர் வகுப்போட மொத்த மிச்சத்தையும் தின்னணும், அழுதாலும் விடக் கூடாதுன்னு நாங்கதான் பேசி வச்சோம்."

ஆய்வுக்காரி அப்போதுதான் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஒருவனுக்கு உதடு வீங்கியிருந்தது. ஒருவனுக்கு முன்பல்லில் பாதி இல்லை. விழுந்து கிடந்தவளின் வாயோரம் நேற்றைய ரத்தம் காய்ந்திருந்தது.

யாரும் ஆய்வுக்காரியிடம் எதையும் மறைக்கவில்லை. அவள்தான் வாளியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

பையன் புறங்கையால் வாயைத் துடைத்தான். தரையில் கிடந்த கரண்டியை எடுத்து, அந்தப் பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அவளிடமே கொடுத்தான்.

பிறகு சுவரோரம் போய் நின்று, வாயைத் திறந்தான்.