குளத்தைக் கேட்காமல் போட்ட ரோடு

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்படிக் குறுக்கே படுத்துக்கிட்டா மழைத்தண்ணி எனக்கு எப்படி வரும்?" காலையிலிருந்து பத்தாவது தடவையாக இதையே சொன்னது குளம்.

புது ரோடு சலித்துக்கொண்டது. "உன்னோட பெரிய ரோதனை! பந்தல் போட்டு, டீயும் வடையும் கொடுத்து, ஊரைக் கூட்டிக் கையெழுத்தே வாங்கியாச்சு."

"அது ரோடு போட்டு முடிச்சப்புறம் நடந்த கூட்டம்!"

"முன்னே என்ன, பின்னே என்ன? வடை சூடாத்தானே இருந்துச்சு?"

குளத்துக்குப் போக வந்த எருமை ஒன்று ரோட்டோரம் நின்றது. "தண்ணி எந்த இடத்துல இறங்கும்னு எனக்குத் தெரியும். தினமும் அந்த வழியாத்தான் குளத்துக்குப் போவேன். அங்கே ரோட்டுக்கு அடியில ரெண்டு குழாய் பதிச்சா போதும்."

"எருமையைக் கேட்டா ரோடு போடுவாங்க?" என்று சிரித்தது ரோடு.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. மேட்டுப்பக்கம் வெள்ளம் தேங்கி ரோட்டின் விலாவை அரித்தது. மறுபக்கம் குளம் நனைந்ததோடு சரி.

"எருமையக்கா, கரைஞ்சுபோயிடுவேன் போலிருக்கு! அந்த இடம் எதுன்னு காட்டுங்களேன்," என்று ரோடு குழைந்தது.

எருமையோ தேங்கிய தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து, சுகமாகக் கண்ணை மூடியிருந்தது.

"அக்கா, எனக்காகவாவது சொல்லுங்கக்கா," என்றது குளம்.

எருமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "இப்போ எதுக்கு? எனக்குத்தான் குளம் இங்கேயே வந்துடுச்சே!"