பக்கத்து வீட்டு வாசல்

ரோடு வந்தால் லாரி மலை ஏறும், லாரி ஏறினால் வீட்டுக்குச் சிமெண்டு வரும் என்றுதானே நாலு வருஷமாகச் சொன்னார்கள் என்று அம்சவல்லிக்கு உள்ளே கொதிக்கிறது. மலையைச் சுற்றி வரும் புதுத் தார் வெயிலில் மினுங்குகிறது. கூரையில்லாத அவள் வீட்டுச் சுவர்களுக்குள் ரோடு வேலைக்காரர்கள் அடுக்கிவிட்டுப் போன தார் டிரம்கள் சூடேறி டக் டக்கென்கின்றன. அரசாங்க வீட்டுத் திட்டத்து ஓவர்சீயர் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தபடி, பக்கத்திலிருக்கும் கல்பனாவின் நீல வீட்டைக் காட்டுகிறார். "அந்த வாசல்ல நில்லும்மா. உன் வூடு முடிஞ்சிச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன். நாளைக்கு ரோடு திறப்பு விழா, வர்ற ஆபீசருங்க வூட்டுக் கணக்கும் கேப்பாங்க." "முடிஞ்சிச்சுன்னு ஏத்திட்டா, அப்புறம் கூரை எங்கேர்ந்து சார் வரும்?" "இன்னாம்மா, ஒரு போட்டோதானே! நின்னா தேஞ்சா போய்டுவ?" வாசலில் நிற்கும் கல்பனா, இடம் விட்டு ஒதுங்குகிறாள். அம்சவல்லி குரலை உயர்த்தவில்லை. "அது கல்பனா வூடு சார்," என்கிறாள். கால் நகரவில்லை.